மிர்டோஸ்: மலை இடிந்து உண்டான கடற்கரை

மிர்டோஸ் கடற்கரைப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்ததிலிருந்து ஊரில் ஆளாளுக்குக் கேட்பது ஒன்றுதான், அந்த நீலம் நிஜமா இல்லை ஃபில்டர் போட்டதா என்று. நிஜம்தான். ஃபோனில் எடுத்ததை அப்படியே வைத்தேன், நேரில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். கிரேக்க நாட்டுக்கு மேற்கே, இத்தாலிக்கும் அதற்கும் நடுவில் கிடக்கிற அயோனியக் கடலில் கெஃபலோனியா என்று ஒரு பெரிய தீவு, அதன் வடமேற்குக் கரையில் மிர்டோஸ். கரை முழுக்க வெள்ளைக் கூழாங்கல், பின்னால் செங்குத்தாக எழும்பி நிற்கிற மலை, முன்னால் அந்த நீலம். வேறு பெரிதாக எதுவும் அங்கே கிடையாது, எங்களுக்கு வேறெதுவும் தேவைப்படவும் இல்லை.

நீலத்துக்குக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிர்டோஸைப் பற்றி நான் சொல்ல வருவது எல்லாமே அதில்தான் தொடங்குகிறது. அந்த மலை சுண்ணாம்புக்கல். அதிலிருந்து விழுந்த கல்தான் கரை. அலை வந்து கற்களை உருட்டும்போது கல்லோடு கல் உரசி மாவாக உதிர்கிறது, அந்த மாவு அவ்வளவு நைசாக இருப்பதால் சீக்கிரம் அடியில் தங்குவதில்லை, கரையோரத் தண்ணீரிலேயே மிதக்கிறது. வெயில் அதில் பட்டுச் சிதறும்போது கரையை ஒட்டிக் கொஞ்ச தூரத்துக்கு வெளிறிய, லேசாகக் கலங்கின மாதிரியான நீலம். அதைத் தாண்டினால் மாவு குறைந்து, கீழே வெள்ளைத் தரை தெரிகிற பச்சை கலந்த நீலம். அப்புறம் கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது, அங்கே கருநீலம். மேலேயிருந்து பார்த்தால் மூன்றும் தனித்தனிப் பட்டையாகத் தெரியும். வெயில் போய் மேகம் வந்தால் நிறம் மங்கிவிடும், மேகம் விலகியதும் திரும்ப வந்துவிடும், நாங்கள் இருந்த மத்தியானத்தில் இது பலதடவை நடந்தது, ஒவ்வொரு தடவையும் கரையில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இதைப் படித்துவிட்டு "நம்ம பாண்டி கடலும் இருக்கே, ஒரே கலங்கல்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வங்கக் கடலில் ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கிற வண்டல் இருக்கிறது, அதோடு வருகிற சத்தில் வளர்கிற கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது, அந்தப் பாசியைத் தின்ன மத்தியும் நெத்திலியும் வருகின்றன, அவற்றைத் தின்ன பெரிய மீன் வருகிறது. நம் கடல் பச்சையாகவும் பழுப்பாகவும் இருப்பது அதில் சாப்பாடு இருப்பதால்தான். அயோனியக் கடலும் சேர்ந்த மத்தியதரைக் கடலின் அந்தத் தெளிவான நீலத்தில் பாசி குறைவு, அதனால் மீனும் ஒப்பிட்டால் குறைவு. தீவில் மீன் சாப்பிடப் போனபோது விலையைப் பார்த்துவிட்டு அக்கா மெனு அட்டையை மூடி வைத்துவிட்டு, பேசாமல் கத்திரிக்காயும் சீஸும் வைத்து ஓவனில் சுட்ட ஒரு பதார்த்தம் வாங்கிக்கொண்டாள்.

சரி, நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாண்டிச்சேரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், நம் ஊரில் தெருவுக்கு நாலு வீட்டில் பிரான்ஸில் ஒரு சொந்தம் இருக்கும். மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின் அப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், அதனால் மாமாவுக்குப் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. அக்கா கல்யாணமாகி அங்கே போய்ப் பல வருஷம் ஆகிறது. இந்தக் கோடையில் என்னை வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள், பாரீஸில் கோபுரமும் தேவாலயமும் காட்டி முடித்தபின் மாமா கேட்டார், "நீ குருசுக்குப்பத்துப் பொண்ணு, கடல் இல்லாம இருக்கமாட்ட, எங்கயாச்சும் தீவுக்குப் போகலாமா?" ஏதென்ஸ் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார், கொரிந்த் கால்வாயைத் தாண்டி, பட்ராஸ் வழியாகக் கிலினி என்கிற சின்னத் துறைமுகம், காரோடு ஃபெரியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கெஃபலோனியாவின் போரோஸில் இறக்கிவிடுகிறார்கள்.

மிர்டோஸுக்கு மேலே மலையில் திவராட்டா என்கிற கிராமம் இருக்கிறது. அங்கிருந்து கரைக்கு இறங்கும் சாலை சுமார் 2 கிலோமீட்டர்தான், ஆனால் கொண்டை ஊசி வளைவாக வளைந்து வளைந்து இறங்குகிறது. இரண்டு பக்கமும் இரண்டு மலை, ஒன்று அயியா தினாட்டி, இன்னொன்று காலோன் ஓரோஸ். காலோன் ஓரோஸ் மட்டும் 900 மீட்டர் உயரம், அந்த உயரம் கடலுக்கு ரொம்பப் பக்கத்திலேயே எழும்பிவிடுகிறது. செஞ்சிக்கோட்டை மலையை அண்ணாந்து பார்த்து மலைத்துப்போனவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், செஞ்சியின் ராஜகிரி சுமார் 240 மீட்டர். ஆசோஸ் கிராமத்துப் பக்கம் போகும் மேல்சாலையில் ஒரு திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டிப் பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள், எல்லோருடைய படமும் அங்கிருந்து எடுத்ததுதான். அங்கே நின்றபோது கீழே கரையில் விரித்திருந்த குடைகள் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தன. அதைப் பார்த்தபின்தான் அந்தப் பாறை எவ்வளவு பெரியது என்பது எனக்குப் பிடிபட்டது. அக்கா பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை, அவன் பேசாமல் இருப்பது அபூர்வம்.

கீழே இறங்கியதும் முதலில் தெரிவது சத்தம். மணல் கரையில் அலை உடைகிற சத்தம் மட்டும்தான் நமக்குப் பழக்கம். இங்கே அலை உடைந்து மேலே ஏறி, திரும்பிப் போகும்போது ஆயிரக்கணக்கான கல்லைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது, ஒரு மூட்டை புளியங்கொட்டையைச் சிமெண்ட் தரையில் சரித்துவிட்ட மாதிரி ஒரு சத்தம், அது அடங்குவதற்குள் அடுத்த அலை. காலை வைத்தால் கல் விலகி விலகி உள்ளே வாங்குகிறது, மணலில் நடக்கிற மாதிரி நடக்க முடியாது, முட்டிக்கு நல்ல வேலை. செருப்பைக் கழற்றினால் வெயிலில் காய்ந்த கல் சுடுகிறது. எங்கள் தெருப் பெண்கள் மாதிரி சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு அலையில் காலை நனைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தால் அதெல்லாம் இங்கே நடக்காது, அதற்குக் காரணம் கரையின் சரிவு.

கூழாங்கல் கரை ஏன் இவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்று மாமா கேட்டார், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மணலில் ஏறிய தண்ணீரில் பெரும்பகுதி மேலாகவே வழிந்து திரும்பும், திரும்பும்போது மணலையும் இழுத்துக்கொண்டு வரும், அதனால் மணல் கரை சாய்வாகப் படுத்துக் கிடக்கும். கூழாங்கல்லுக்கு நடுவில் நிறைய சந்து. ஏறிய தண்ணீரில் நிறைய அந்தச் சந்துகளில் உள்ளே இறங்கிவிடுகிறது. ஏறும்போது இருக்கிற வேகம் திரும்பும்போது இல்லை, ஆகவே மேலே தள்ளிவிட்ட கல் மேலேயே தங்கிவிடுகிறது. கல் மேல் கல்லாகக் குவிந்து திட்டுத் திட்டாக ஏறி நிற்கிறது. அந்தச் சரிவு தண்ணீருக்குள்ளும் அப்படியே தொடர்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறோம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போனால் கால் எட்டாது. அலை பெரிதாக இருக்கிற நாளில் இழுவையும் பலமாக இருக்கும். நீச்சல் தெரியாதவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து நனைவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது, குழந்தைகளைக் கையை விடவே கூடாது.

அக்காவும் நானும் குப்பத்துப் பெண்கள், சின்ன வயதிலேயே தாத்தா கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கிவிட்டவர், எங்களுக்குப் பயம் கிடையாது. ஆனாலும் மாமா கரையில் நின்று "ரொம்ப தூரம் போகாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். கண்ணைத் திறந்து தண்ணீருக்குள் பார்த்தால் அந்த வெளிர் நீலப் பட்டையில் கை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத்தான் தெரிகிறது, சுண்ணாம்பு மாவு அவ்வளவு. இரண்டு மூன்று வீச்சு நீந்தி அதைத் தாண்டியதும் திடீரென்று எல்லாம் தெளிவாகிவிடுகிறது, கீழே கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் எண்ணலாம். அந்த எல்லையைத் தாண்டிப் போய் வந்து போய் வந்து விளையாடினோம். தண்ணீர் நம் கடலைவிடக் குளிர்ச்சி, உப்பு கொஞ்சம் தூக்கல், மிதப்பது சுலபமாக இருந்தது.

கரைக்கு வந்து துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு கற்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: மலையடிவாரத்தில் தொடங்கித் தண்ணீரை நோக்கி மெதுவாக நடந்து வாருங்கள், கீழே மட்டும் பார்த்துக்கொண்டு. மலையின் காலடியில் கிடப்பவை உடைந்த துண்டுகள், மூலைகள் கூராக, உடைந்த முகம் சுத்த வெள்ளையாக, கையில் எடுத்தால் பொடி ஒட்டும். கொஞ்சம் தள்ளி வந்தால் மூலைகள் மழுங்கியிருக்கும். இன்னும் வந்தால் உள்ளங்கைக்கு அடங்குகிற உருண்டைகளும் தட்டைகளும். அலை நனைக்கிற இடத்தில் கொண்டைக்கடலை, மிளகு அளவுக்குச் சின்னதாகி, சில இடத்தில் கிட்டத்தட்டப் பருமணலாகவே ஆகிவிட்டது. பாறையாக விழுந்தது மாவாகப் போகிறவரை நடக்கிற எல்லாமே அந்தக் கொஞ்ச தூரத்தில் வரிசையாகக் கிடக்கிறது. நனைந்த கல்லை எடுத்துப் பார்த்தேன், வெளிர் சாம்பல் நிறம், குறுக்கே மெல்லிசாக ஒரு வெள்ளை நரம்பு, பாறை விரிசல்விட்டபோது அதற்குள் கால்சைட் என்கிற சுண்ணாம்புத் தாது படிந்து மூடிய தழும்பு அது. வெயிலில் ஒரு நிமிஷம் வைத்திருந்தேன், ஓரத்திலிருந்து உள்நோக்கி உலர்ந்து வெள்ளையாகிக்கொண்டே வந்தது, கடைசியில் நரம்பு எங்கே இருந்ததென்றே தெரியவில்லை.

கை சும்மா இருக்குமா? ஒரே அளவாக ஐந்து கல்லைப் பொறுக்கி அக்காவைக் கூப்பிட்டேன். அஞ்சாங்கல். துண்டு மேல் உட்கார்ந்து ஆடினோம், சின்ன வயதில் கருங்கல் ஜல்லியில் ஆடிய எங்களுக்கு அந்த வழவழப்பான கல் கையில் நிற்காமல் நழுவியது. பக்கத்தில் படுத்திருந்த ஒரு கிரேக்கப் பாட்டி எழுந்து உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, கல்லை வாங்கி, மேலே போட்டுப் புறங்கையில் பிடித்துக் காட்டினார். அவர் பேசியது ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் ஆட்டம் தெரிந்தவர். மூன்றுபேரும் மாற்றி மாற்றி ஆடினோம். இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அதுதான், நீலத்தைவிடவும்.

இப்போது மலை விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சுண்ணாம்புப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சிப்பிகளும் நுண்ணுயிர்களும் செத்துப் படிந்து இறுகியது. அதை மேலே தள்ளிக்கொண்டிருப்பது பூமி. கெஃபலோனியாவுக்கு மேற்கே கடலுக்கடியில் ஒரு பெரிய பிளவு ஓடுகிறது, ஐரோப்பாவிலேயே நிலநடுக்கம் அதிகம் வருகிற இடங்களில் இந்தப் பகுதியும் ஒன்று. 1953 ஆகஸ்டில் தொடர்ந்து சில நாள் ஆட்டம் கண்டு, 12ஆம் தேதி வந்த பெரிய நடுக்கத்தில் தீவின் வீடுகளில் பெரும்பாலானவை தரைமட்டமாயின, வடமுனையில் இருக்கிற ஃபிஸ்கார்டோ மட்டும் பெரிதாகச் சேதமில்லாமல் தப்பியது. தீவின் பெரும்பகுதி ஒரே அடியாகச் சுமார் 60 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. வீடு போனபின் ஏகப்பட்ட பேர் ஊரைவிட்டே போனார்கள், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ஏதென்ஸ் என்று. அதனால்தான் ஆர்கொஸ்டோலி மாதிரி ஊர்களில் பழைய கட்டடங்களே கண்ணில் படுவதில்லை, எல்லாம் அதற்குப் பிறகு கட்டியவை. 2014 ஜனவரி கடைசியில் ஒன்று, பிப்ரவரி தொடக்கத்தில் ஒன்று என 6 அளவை ஒட்டி மறுபடி இரண்டு ஆட்டம், மலைச் சாலைகளில் பாறைகள் சரிந்தன. 2020 செப்டம்பரில் இயானோஸ் என்று பெயர் வைத்த புயல், நம் ஊர்ப் புயல் மாதிரியே சுழன்று வந்து மழையைக் கொட்டி, ஆசோஸ் கிராமத்துக்குள் சேறும் கல்லுமாக இறக்கிவிட்டுப் போனது.

இத்தனை அழிவும் சேர்ந்துதான் மிர்டோஸ். நடுக்கம் வரும்போதெல்லாம் பாறை விரிசல் விடும், மழை அந்த விரிசலில் இறங்கும், ஒருநாள் ஒரு துண்டு கழன்று விழும். கடல் அதை எடுத்து உருட்டிக் கூழாங்கல்லாக்கும். கூழாங்கல் தேய்ந்து மாவாகிக் கடலுக்குள் போய்விடும், அந்த இழப்பை ஈடுகட்ட மேலேயிருந்து அடுத்த துண்டு வரும். மலை விழுவது நின்றுபோனால் கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காணாமல் போகும். கீழே படுத்திருப்பவர்களுக்கு ஆபத்து என்று யாராவது மலைமுழுக்க சிமெண்ட் பூசினால் ஆள் பிழைக்கும், கரை செத்துவிடும். அதனால் பாறைக்கு நேர் கீழே உட்காராமல் இருப்பதுதான் வழி. மலையடியில் நிழல் கிடைக்கிறதே என்று போய் உட்காராதீர்கள், எனக்குத் தெரிந்து அங்கே நீங்கள் செய்யக்கூடிய ஒரே பெரிய தப்பு அதுதான்.

இரண்டு பக்கமும் மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தக் கல் வெளியே எங்கும் போவதில்லை. வடக்கு மூலைக்கும் தெற்கு மூலைக்கும் நடுவில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வளைகுடாவுக்கு அந்த மலையே போதும், வேறு யார் தயவும் வேண்டாம்.

நம் கரை அப்படியில்லை. இதை எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். புதுச்சேரியின் மணல் புதுச்சேரியுடையது இல்லை, அது எப்போதும் வழிப்போக்கு. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வீசுகிற சோழகக் காற்றும் தெற்கத்தி அலையும் மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும், ஐப்பசி கார்த்திகையில் வாடை வந்தால் கொஞ்சம் தெற்கே திருப்பி அனுப்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. கடலூர் வெள்ளிக் கடற்கரையில் இந்த வருஷம் நீங்கள் மிதித்த மணல் கொஞ்ச காலம் கழித்து வீராம்பட்டினத்தில் கிடக்கலாம், அப்புறம் கோட்டக்குப்பத்தில். ஒரு இடத்தில் மணல் இருக்கிறது என்றால், போகிற அளவுக்கு வருகிறது என்று அர்த்தம்.

1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்காக, கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைத்தடுப்பு நீட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே நின்றது. தெற்குப் பக்கம் கரை அகலமாகிக்கொண்டே போனது, வடக்குப் பக்கம் கடல் வழக்கம்போல் எடுத்துக்கொண்டுபோனது, ஆனால் புதிதாக எதுவும் வரவில்லை. காந்தி சிலைக்கு எதிரே இருந்த மணல் போனது, எங்கள் குருசுக்குப்பம் போனது, வைத்திக்குப்பம், சோலைநகர் போனது. ஒரு ஊரைக் காப்பாற்றக் கல் கொட்டினால் அதற்கு வடக்கே இருக்கிற ஊர் அரிக்கும், அங்கே கொட்டினால் அதற்கும் வடக்கே. இப்படியே தமிழ்நாட்டு எல்லை தாண்டித் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரைக்கும் போய்விட்டது.

அம்மா கல்யாணமாகி வந்த காலத்தில் வாசலிலிருந்து அலைவரை நடந்தால் கால் அசந்துவிடும் என்பாள். அந்த மணலில்தான் கட்டுமரத்தை ஏற்றிப் போடுவார்கள், வலை காயும், கருவாடு காயும், கரைவலை இழுக்க இரண்டு பக்கமும் ஆள் வரிசையாக நிற்பார்கள், சாயங்காலம் ஆனால் பெண்கள் மீன் கூறுபோட்டு விற்பார்கள், ராத்திரியில் புழுக்கத்துக்கு ஆண்கள் அங்கேயே படுத்துத் தூங்குவார்கள். மணல் போனதும் இத்தனைக்கும் இடம் இல்லாமல் போனது. கரைவலை இழுக்க நிற்க இடம் வேண்டும், கருங்கல் மேல் நின்று யாரும் வலை இழுக்க முடியாது. தாத்தா கடைசி வருஷங்களில் கட்டுமரத்தை வேறு குப்பத்துக் கரையில் கொண்டுபோய் விட்டு வைத்திருந்தார், தினமும் விடியற்காலை அதுவரைக்கும் நடந்துபோவார்.

கருங்கல்லைத் திட்டி எழுதவேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது கடற்கரைச் சாலையை ஒட்டிய டவுன் பகுதி பெரிய சேதமில்லாமல் தப்பியதற்கு அந்தக் கல் சுவர் ஒரு முக்கியக் காரணம். அதே நாள் கடலூர் தேவனாம்பட்டினம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் கல்லைப் போட்டு நிறுத்தியது கடலை மட்டும்தான், மணல் அதனால் வராது. மணலைத் திரும்பக் கொண்டுவந்தது வேறு ஒரு வேலை. சென்னையில் இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்காரர்கள் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, ஆப்பு வடிவத்தில் பெரிய எஃகுக் கட்டமைப்பு ஒன்றைத் தண்ணீருக்கடியில் இறக்கி, பாறைத் திட்டு மாதிரி வைத்தார்கள். அலை அதில் பட்டு வேகம் குறைந்து, கொண்டுவரும் மணலைக் கொஞ்சம் போட்டுவிட்டுப் போகிறது. துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்த இடத்தில் பல வருஷம் கழித்து மறுபடி மணல் வந்தது. முதல்தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, "இன்னும் வடக்கால வரணும்டி" என்றாள். அவள் சொன்ன வடக்கு எங்கள் குப்பம். எனக்கும் அதேதான் வேண்டும். துறைமுக முகத்தில் தேங்குகிற மணலை எடுத்து வடக்கே போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், ஒரு வருஷம் செய்து மறுவருஷம் விட்டுவிடக் கூடாது. மிர்டோஸில் மலை தானாகச் செய்கிற வேலையை இங்கே நாம் செய்யவேண்டியிருக்கிறது, ஏனென்றால் குறுக்கே போய் நின்றது நாம்தான்.

மிர்டோஸ் கரையில் இதை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நீ எங்க போனாலும் தேங்காய்த்திட்டுதான்" என்றாள். ஆனால் அவளும் அந்த மணலில் ஓடியவள்தான். மாமாவிடம் ஃபோனை வாங்கி, வரைபடத்தில் நம் துறைமுகத்தைப் பெரிதாக்கி, தெற்கே வெள்ளையாக மணல் வீங்கியிருப்பதையும் வடக்கே கோடு உள்ளே வாங்கியிருப்பதையும் தன் பையனுக்குக் காட்டினாள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியும், நீங்களும் பாருங்கள்.

பையன் அதற்குள் பை நிறையக் கல் பொறுக்கி வைத்திருந்தான். எல்லாவற்றையும் திரும்பக் கொட்டச் சொன்னோம், அழுகை, சமாதானம். கிரேக்கக் கரைகளிலிருந்து கூழாங்கல்லை அள்ளிக்கொண்டு போவது கூடாது. ஸ்கியாத்தோஸ் தீவில் லலாரியா என்று இதே மாதிரி மலையடியில் இருக்கிற வெள்ளைக் கூழாங்கல் கரை ஒன்று உண்டு, அங்கே கல் எடுத்தால் அபராதம். கோடைக்கு வருகிற அத்தனைபேரும் ஆளுக்கு நாலு எடுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொன்னேன். அஞ்சாங்கல் ஆடிய ஐந்தையும் அந்தப் பாட்டி வாங்கித் தன் பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொண்டார், நாங்கள் கிளம்பும்போதும் அங்கேயே இருந்தன.

தீவில் மிர்டோஸ் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆர்கொஸ்டோலிக்குப் பக்கத்தில் கடல் தண்ணீர் நிலத்துக்குள் போய் மறைகிற ஓட்டைகள் இருக்கின்றன, கட்டவோத்ரெஸ் என்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த ஓட்டத்தை வைத்து மாவு மில் ஓட்டியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது, 1963இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் சாயத்தைக் கலந்துவிட்டார்கள், சுமார் இரண்டு வாரம் கழித்துத் தீவின் மறுபக்கம், மெலிசானி குகை ஏரியிலும் கரவோமிலோஸ் கரையிலும் சாயம் வந்து சேர்ந்தது. தீவுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான பாதையில் குறுக்காகவே போயிருக்கிறது. மெலிசானியில் கூரை இடிந்து விழுந்த குகை, சூரியன் உச்சிக்கு வரும்போது படகில் கூட்டிப்போவார்கள், மத்தியான நேரத்துக்குப் போனால்தான் தண்ணீரில் அந்த வெளிச்சம் கிடைக்கும்.

மிர்டோஸுக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில விஷயம். கரை வடமேற்கைப் பார்த்து இருப்பதால் வெயில் மாலை வரை விடாது, மரம் கிடையாது, வாடகைக் குடை கொஞ்சம்தான் இருக்கும், சொந்தக் குடையோ தொப்பியோ கொண்டுபோங்கள். தண்ணீரில் போட்டுக்கொள்கிற ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். மத்தியானத்துக்கு மேல் கோடையில் வடமேற்குக் காற்று எழும்பும், அலை ஏறும், நீந்த ஆசை இருந்தால் காலையில் நீந்திவிடுங்கள். ஜூலை ஆகஸ்டில் பத்து மணிக்கு மேல் கீழே வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சிரமம், ஜூனிலோ செப்டம்பரிலோ போனால் நிம்மதி. அஸ்தமனத்துக்கு இருந்துவிட்டுப் போகிறோம் என்றால் இருங்கள், சூரியன் நேர் எதிரே கடலில் இறங்கும், கிழக்குக் கரைக்காரர்களான நமக்கு அது அதிசயம்தான். ஆனால் அந்த வளைவுச் சாலையில் இருட்டில் ஏறுவதற்குப் பழகின கை வேண்டும், ஆடுகள் வேறு குறுக்கே வரும். மாமா மெதுவாகத்தான் ஓட்டினார், திவராட்டாவில் நிறுத்தி ஆளுக்கொரு காபி வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் வண்டியைத் திரும்ப எடுத்தார்.